ஓடு, தகடு, கான்கிரீட்: எந்தக் கூரை எங்கே முதலில் ஒழுகும்?

கூரை போடப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எது ரொம்ப நாள் உழைக்கும்?" என்பதுதான். விற்பவரும் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண் ஓட்டுக்கோ தகட்டுக்கோ உரியது, முழுக் கூரைக்கு அல்ல. நன்றாகச் சுட்ட மண் ஓடு நூறு வருடம் கூடக் கிடக்கும். அதைத் தாங்கும் ரீப்பர் என்ற குறுக்கு மரச்சட்டம் அதற்கு வெகுநாள் முன்பே உளுத்துப்போகும். நல்ல பூச்சுள்ள தகடு நாற்பது வருடம் நிற்கலாம். அதைப் பிடித்திருக்கும் திருகின் ரப்பர் வாஷர் பத்துப் பதினைந்து வருடத்தில் வெயிலில் இறுகி வெடித்துவிடும். அதனால் "இது எந்த இடத்தில் முதலில் தோற்கும்" என்று பார்த்துத்தான் நான் கூரைகளை ஒப்பிடுவேன்.

எடையிலிருந்து தொடங்கலாம். அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 4 கிலோ. மண் ஓடு 40 முதல் 60 கிலோ வரை. 100 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் 240 கிலோ. இதைப் பார்த்ததும் தகடுதான் லாபம் என்று தோன்றும். கீழே உள்ள சட்டத்துக்கு அது லாபம்தான். ஆனால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு அதே மரச்சட்டத்தின் மேல் தகடு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவரை அந்தக் கூரையைக் காற்றில் பறக்காமல் கீழே அழுத்தி வைத்திருந்ததே ஓட்டின் எடைதான். புயல்காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதை விட மேல்நோக்கி உறிஞ்சுவதுதான் அதிகம். மூலைகளிலும் இறவானத்திலும் முகட்டிலும் அந்த இழுப்பு கடுமையாக இருக்கும். தகடு போட்டால் கைமரத்தை, அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரத்தை, சுவரோடு இழுத்துக் கட்டியாக வேண்டும், ஓரங்களில் திருகுகளை நெருக்கமாகப் போட வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

தகட்டின் பலவீனம் அதன் திருகுத் துளைகளில் இருக்கிறது. பத்து மீட்டர் நீள எஃகுத் தகடு, இரவுக்கும் நண்பகலுக்கும் 50 டிகிரி வித்தியாசம் இருந்தால், சுமார் 6 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டால் திருகு போட்ட துளை மெல்ல மெல்ல நீள்வட்டமாகிவிடும், வாஷர் விலகும், தண்ணீர் இறங்கும். இதற்குத்தான் ஸ்டாண்டிங் சீம் வகை வந்தது: விளிம்புகளை மடித்துக் கோத்து, திருகுகளை உள்ளே மறைத்து, கிளிப்பின் மேல் தகடு நகர்ந்துகொள்ள விட்டுவிடுகிறார்கள். செலவு கூடும்தான். நீண்ட கூரைக்கு என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெளி இரும்புத் தகட்டுக்கு லண்டனில் ஹென்றி பால்மர் 1829-ல் காப்புரிமை வாங்கினார். எட்டு வருடம் கழித்து பிரான்ஸில் ஸோரெல் துத்தநாக முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் அது துருவிலிருந்து தப்பியது. 1970-களில் விற்பனைக்கு வந்த 55 சதவீத அலுமினியம் கலந்த துத்தநாகப் பூச்சு, வெறும் துத்தநாகத்தை விட நன்றாகத் தாங்குகிறது. ஆனால் ஈர சிமெண்ட் கலவை பட்டால் அந்த அலுமினியம் அரிபடும். முகட்டு இடைவெளியைக் கலவை வைத்து அடைத்தால் புதுத் தகட்டை நாமே கெடுக்கிறோம். கிரைண்டரில் வெட்டும்போது சிதறும் இரும்புத் தூளைக் கூட்டி எடுக்காமல் விட்டாலும் அது துருப்பிடித்துப் பூச்சைக் கறைப்படுத்தும்.

சரி, ஓட்டுக்கு வருவோம். 1841-ல் அல்சாஸின் ஜிலார்டோனி சகோதரர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, ஓட்டை இரண்டு மூன்று அடுக்காகப் பரப்ப வேண்டிய தேவை குறைந்தது. ஓட்டின் பெரிய பலம், ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பது. அடியில் காற்று ஓடுவதால் வெப்பமும் முழுதாக உள்ளே இறங்குவதில்லை. ஆனால் 20, 25 டிகிரி சரிவு இல்லாமல் ஓடு போடக் கூடாது. காற்றோடு அடிக்கும் மழை இடுக்கு வழியாக மேலேறிவிடும். தகட்டுக்கு ஐந்து டிகிரி போதும்.

கான்கிரீட் தளம் காற்றுக்கு அசையாது, மேலே நடக்கலாம், மேலே இன்னொரு மாடி கட்டலாம். ஆனால் தண்ணீர் தேங்கினால் அதன் கதை வேறு. மீட்டருக்கு ஒன்று இரண்டு சென்டிமீட்டர் வாட்டம் (சரிவு) இல்லாவிட்டால் நீர் நிற்கும், நுண்விரிசலில் இறங்கும், கம்பியைத் தொடும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் உள்ளிருந்தே தள்ளி, கீழ்ப்பக்கக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். ஒழுகல் கண்ணில் படும் நேரத்தில் கம்பி ஏற்கெனவே பாதி கெட்டிருக்கலாம். ஓட்டிலும் தகட்டிலும் கோளாறு சீக்கிரம் தெரிந்துவிடும். இதில் தாமதமாகத்தான் தெரியும். பகலில் குடித்த வெயிலை இரவில் அறைக்குள் விடுவதும் இதன் குணம்.

வெப்பத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பளபளக்கும் வெறும் தகடு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் குளிர்ச்சி என்று நினைக்கிறார்கள். திருப்பி அனுப்பியது போக உள்ளே ஏறிய வெப்பத்தை அது எளிதில் வெளியே விடாது. அதே தகட்டுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் இரண்டு வேலையும் நடக்கும். புது வெள்ளைப் பூச்சு சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பிவிடும்; அழுக்குப் படியப் படிய அது குறையும், அதனால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்கும் இது நல்ல மருந்து. கூரைத் துறை இப்போது நகரும் திசைகளில் இதுவே மலிவானது, எல்லோருக்கும் எட்டக்கூடியது.

அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது தாரும் கல்துகளும் சேர்ந்த ஷிங்கிள். லேசானது, வேகமாகப் போடலாம். கடும் வெயிலில் சீக்கிரம் முதுமை அடையும், கழற்றியதில் பெரும்பகுதி குப்பை மேட்டுக்குப் போகும். வெப்ப நாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இந்த ஒப்பீட்டில் போட்டியாளராகவே சேர்க்க மாட்டேன். 1901-ல் ஹாட்ஷெக் என்ற ஆஸ்திரியர் காப்புரிமை பெற்ற அது உலகம் முழுக்கப் பரவியது. அதன் எல்லா வகை நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உறுதியான முடிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லிருந்து அதற்குத் தடை விதித்திருக்கிறது. ஏற்கெனவே தலைக்கு மேல் இருந்தால் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், பிரஷர் தண்ணீரால் கழுவாதீர்கள். கழற்றும்போது நனைத்து, உடையாமல், பயிற்சி உள்ளவர்களைக் கொண்டு இறக்குங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத ஃபைபர் சிமெண்ட் ஷீட் கிடைக்கிறது.

இப்போது சோலார் பேனல் வந்து கேள்வியையே மாற்றிவிட்டது. பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் சாதாரணம். கூரை அதற்கு முன் கெட்டால் எல்லாவற்றையும் இறக்கித்தான் வேலை பார்க்க வேண்டும். ஸ்டாண்டிங் சீம் தகட்டில் துளையே போடாமல் கிளாம்ப் வைத்துப் பிடிக்கலாம். இந்த விஷயத்தில் அதற்கு நிகரில்லை. ஓட்டுக் கூரையில் கொக்கியைக் கைமரத்தில் பிடிக்க வேண்டும், ஏறி நடப்பவர்களால் உடையும் ஓடுகளுக்காகச் சில டஜன் ஓடுகளைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கான்கிரீட் தளத்தில் எடை வைத்து நிறுத்தலாம், ஆனால் வாட்டர்ப்ரூஃபிங்கை முதலில் முடித்து, தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகுதான். திருகு போட்ட பழைய தகடாக இருந்தால், பேனல் ஏறுவதற்கு முந்தைய வாரமே எல்லா வாஷர்களையும் மாற்றிவிடுங்கள். அதன் பிறகு பேனலுக்கு அடியில் கை போகாது.