ஓட்ட வீராங்கனைகளுக்குச் சோடியம் பைகார்பனேட்: பொடியா, காப்ஸ்யூலா, ஜெல்லா?

800, 1500 மீட்டர் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் கால் கனத்துப் போவதில், தசையில் சேரும் அமிலத்துக்கும் பங்கு உண்டு. நம் அடுக்களையில் ஆப்பச் சோடாவாக இருக்கும் சோடியம் பைகார்பனேட் அந்தத் தசைக்குள் போவதில்லை. ரத்தத்தில் பைகார்பனேட் அளவை லிட்டருக்கு 5, 6 மில்லிமோல் உயர்த்துகிறது. தசையிலிருந்து அமிலம் வெளியேற வழி எளிதாகிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இது இல்லை.

பலன் தெளிவாகத் தெரிவது சுமார் 30 நொடி முதல் 12 நிமிடம் வரை நீளும் கடும் முயற்சிகளில்தான். 800 மீட்டரிலிருந்து 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் (தடை தாண்டும் ஓட்டம்) வரை இதில் அடங்கும். 10 கி.மீ., அரை மாரத்தான் ஓடுபவர்கள் அந்தப் பணத்தில் நல்ல ஷூ வாங்கலாம்.

ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண்களே கலந்துகொண்டிருக்கிறார்கள். இது பெரிய குறை. பெண்களிடம் நடந்தவற்றில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமானது. குழு விளையாட்டு வீராங்கனைகள் 6 நொடி ஸ்பிரிண்ட்டை 5 முறை செய்தபோது, உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் பைகார்பனேட் எடுத்த நாளில் மொத்த உழைப்பு கூடியது. நீண்ட ஓட்டத்துக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. வேகத் தசை இழைகளின் பரப்பு பெண்களுக்குச் சராசரியாகக் குறைவு என்பதால், பலன் சற்றுக் குறைவாக இருக்கவும் வாய்ப்புண்டு.

பலனை எல்லாம் கெடுப்பது வயிறு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 0.3 கிராம் கணக்கில் 15 கிராம் வரும். அது முழுக்க வயிற்று அமிலத்தோடு வினைபுரிந்தால் 4 லிட்டருக்கு மேல் வாயு வெளிப்படும். அவ்வளவு அமிலம் வயிற்றில் இருக்காது. ஆனால் அதில் ஒரு பங்கு வாயுவானாலே வயிறு உப்பி, ஏப்பமும் குமட்டலும் வந்துவிடும். மிச்சம் குடலுக்குப் போய் நீரை இழுத்து வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஆகவே எந்த வடிவத்தில் வாங்குகிறோம் என்பதே இங்கே பெரிய கேள்வி.

மளிகைக் கடைப் பொடி மிக மலிவு, வேலையும் செய்யும். ஆனால் உறையைப் படித்து வாங்குங்கள். பேக்கிங் பவுடரில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். சலவைச் சோடா வேறு பொருள். தொண்டையையும் குடலையும் அரித்துவிடும். நெஞ்செரிச்சலுக்கு நுரைக்க வைத்துக் குடிக்கும் பொடிகளும் உதவாது; சிட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து பைகார்பனேட்டில் பெரும்பகுதி டம்ளரிலேயே தீர்ந்துவிடும். மருந்துக் கடையில் ‘ஐ.பி.’ (இந்திய மருந்துத் தர நூலின் குறி) என்று அச்சிட்ட பொடி கிடைத்தால் அதுவே மேல். கரண்டியால் அள்ளாதீர்கள், குவித்தால் அளவு தவறும். கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். 15 கிராமுக்கு அரை லிட்டர் குளிர்ந்த நீர் ஊற்றி, அடியில் துகள் இல்லாமல் கரையுங்கள். கரையாத பொடியை விழுங்கினால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும். வெந்நீரும் கூடாது, சூட்டில் பைகார்பனேட் சிதைந்து கார்பனேட்டாக மாறும். சுவை கசப்பும் உவர்ப்புமாக இருக்கும். பயிற்சி நாளில் சோதித்துப் பார்க்க இது போதும். பந்தய நாளுக்கு நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

காப்ஸ்யூலில் சுவைத் தொல்லை இல்லை. 00 அளவு ஜெலட்டின் உறையில் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும். 15 கிராமுக்குப் பதினாறு, பதினேழு விழுங்க வேண்டும். சாதாரண உறை வயிற்றிலேயே கரைந்துவிடும். குடலில் கரையும் பூச்சுள்ளது கிடைத்தால் உப்புசம் குறையும். சைவர்கள் செல்லுலோஸ் உறையைக் கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது, சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்து மார்ட்டன் நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த பைகார்ப் சிஸ்டம். மாவுச்சத்து ஹைட்ரோஜெல்லில் (நீர் சேர்ந்த கூழ்) குட்டி மாத்திரைகளைக் கலந்து, மெல்லாமல் கரண்டியால் விழுங்க வேண்டும். மாத்திரைகள் வயிற்றைக் கடந்து குடலில் கரைய வேண்டும் என்பதே நோக்கம்; கடித்தால் அந்த நோக்கம் கெட்டுவிடும். உடல் எடைக்கேற்ற அளவுகளில் வருகிறது. மூன்றில் வயிற்றுக்கு இதமானது இதுதான், விலையிலும் பன்மடங்கு இதுவே. மாநில, தேசியப் பந்தயத்துக்கு ஓரிரு பொட்டலம் வாங்குவதில் நியாயம் உண்டு; வாராந்திரப் பயிற்சிக்கு வீண்.

எதை வாங்கினாலும் கிலோவுக்கு 0.2 கிராமில் தொடங்குங்கள். 45 கிலோ பெண்ணுக்கு அது 9 கிராம். பந்தயத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட்டு, அளவை மூன்றாகப் பிரித்து அரை மணிக்கு ஒன்றாக எடுத்தால் வயிறு தாங்கும். ரத்த அளவு உச்சத்துக்கு ஏறும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். பொடிக்குச் சீக்கிரம், காப்ஸ்யூலுக்குச் சற்றுத் தாமதம். பயிற்சியில் இரண்டு, மூன்று நேர இடைவெளிகளைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

மாதவிடாயின் முதல் நாட்களில் பலருக்கு இயல்பாகவே வயிறு இளகும். அந்த நாட்களிலும் ஒரு சோதனை ஓட்டம் தேவை. மாதவிடாய்க்கு முந்தைய இரு வாரங்களில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூச்சைச் சற்று அதிகரிப்பதால் ரத்த பைகார்பனேட் லேசாகக் குறைந்திருக்கும். வேறு வேறு கட்டங்களில் எடுத்த முடிவுகளை ஒப்பிடும்போது இது நினைவிருக்கட்டும்.

15 கிராமில் சோடியம் மட்டும் சுமார் 4.1 கிராம்; உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 2 கிராமைப் போல் இரு மடங்கு. உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பள்ளி மாணவிகளுக்குப் பயிற்சியாளர்கள் இதைக் கொடுக்காதீர்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள், இரண்டையும் ஒரே வேளையில் எடுக்க வேண்டாம். பைகார்பனேட் வயிற்று அமிலத்தைத் தணித்து இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். பந்தய நாளில் அந்த மாத்திரையை இரவுக்குத் தள்ளி வையுங்கள்.