திருச்சியில் புழு டெஸ்ட்: ரத்தம் எடுத்தது சுலபம், பதில்தான் கிடைக்கவில்லை

நியூ ஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்தவன் பாதி நாள் தில்லை நகர் கிளினிக் வாசல்களில்தான் நின்றேன். அக்கா மகனுக்கு, காலேஜ் படிக்கிற பையன், திடீரென்று வலிப்பு. முதலில் காட்டிய இடத்தில் மூளையில் நாடாப்புழுக் கட்டியாக இருக்கலாம் என்று ரத்தத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

லேபின் வேகத்தைக் குறை சொல்லவே முடியாது. டோக்கன் வாங்கி உட்காருவதற்குள் கூப்பிட்டு, ஒரே குத்தில் ரத்தம் எடுத்து, மறுநாள் சாயங்காலமே ரிப்போர்ட்டை அக்கா வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டார்கள். சிஸ்டிசர்கோசிஸ் (அதாவது நாடாப்புழுக் கட்டி நோய்) ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளுக்கான டெஸ்ட், எலிசா என்ற வழக்கமான லேப் முறை, நெகட்டிவ். பில் கேட்கப் போனால் கவுன்டரில் இருந்தவர், "நெகட்டிவ்னா புழு இல்ல சார், பயப்படாதீங்க" என்று தைரியம் சொல்லிவிட்டு, கையோடு ஒரு ஃபுல் பாடி பேக்கேஜையும் தள்ளிவிடப் பார்த்தார். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். புழு இல்லை என்று சொல்ல அவர் யார்?

அடுத்து பார்த்த நரம்பு டாக்டர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் மட்டும் பார்த்து, மருந்து ஏற்றி எடுக்கும் காண்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். ஒரே ஒரு கட்டி, ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, வளையம் மாதிரி, நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலை, அது தெரிந்தால் வேறு சாட்சியே வேண்டாம் என்றார்.

அப்புறம் ரத்தத்தில் ஏன் காட்டவில்லை? அந்த டெஸ்ட் புழுவைத் தேடுவதில்லை, புழுவுக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. கட்டி ஒன்றே ஒன்று என்றால் அந்த எதிர்ப்பொருள் பிடிபடும் அளவுக்கு ஊறாமலே போகலாம். 1989-இல் அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி ஆட்கள் கொண்டுவந்த ஈஐடிபி என்ற இன்னொரு எதிர்ப்பொருள் டெஸ்ட், இரண்டோ அதற்கு மேலோ உயிருள்ள கட்டி இருந்தால் அநேகமாகத் தவறவிடாது. ஒற்றைக் கட்டியில் அதுவே அடிக்கடி கோட்டைவிடும். இந்தியாவில் அதிகம் வருவதோ ஒற்றைக் கட்டி. சாதாரண எலிசா இன்னும் மோசம், வேறு புழுவுக்கும் பாசிட்டிவ் காட்டும். சுத்திகரிக்காத ஆன்டிஜென் (புழுவிலிருந்து எடுக்கும் பொருள்) வைத்துச் செய்யும் எலிசாவே வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் தங்கள் 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டார்கள். நம் ஊர் லேப்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பயமெல்லாம் டிபி கட்டியாக இருந்துவிடுமோ என்பதுதான். அதைப் பிரித்தறிய வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் விதிகளே வகுத்திருக்கிறார்களாம்: 20 மில்லிமீட்டருக்குள் ஒற்றைக் கட்டி, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளாமல், வலிப்பு தவிர வேறு தொந்தரவு வளராமல் இருந்தால் புழுப் பக்கம்தான் கணக்கு. பையனுக்கு எல்லாம் பொருந்தியது.

"நாங்க பன்னிக்கறியே தொடமாட்டோமே டாக்டர்" என்று அக்கா அழாத குறை. டாக்டர் விளக்கினார்: கறியால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது அந்தப் புழு உள்ள ஆளின் மலத்திலிருந்து கை வழியாக, தண்ணீர் வழியாக வரும் முட்டை. சுத்த சைவத்துக்கும் வரும். வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை எழுதினார்.

கண்ணுக்குள் புழு இல்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்டீராய்டும் ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தும் ஆரம்பித்தார்கள். வலிப்பு மாத்திரை தொடர்கிறது. ஸ்கேன் சென்டரில் ஃபிலிம் மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், படங்கள் பதிந்த சிடி தட்டையும் கேட்டு வாங்குங்கள். சில மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனோடு ஒப்பிட அதுதான் வேண்டும்.