கிராபியில் பாறையேறப் பணம் கட்டும் முன் போல்ட் என்ன உலோகம் என்று கேளுங்கள்

தாய்லாந்தின் கிராபிக்குப் பாறையேறப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். டைட்டானியம் போல்ட் (கயிற்றை மாட்டப் பாறையில் பதிக்கும் ஆணி) உள்ள பாதையில்தான் ஏற்றுவோம் என்று கிராபியின் ரெய்லே கடற்கரையில் பாறையேற்றும் ஒரு கடை எங்களிடம் உறுதி சொல்லிப் பணம் வாங்கியது. ஏற்றியதோ பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டில். மூன்றாவது போல்ட்டில் கயிற்றை மாட்டிவிட்டு என் தங்கை மூச்சு வாங்கத் தொங்கினாள். டக்கென்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை, அதில் மாட்டியிருக்கும் ஹேங்கர் என்ற தகடு, அதையும் கயிற்றையும் இணைக்கும் குவிக்டிரா கொக்கி எல்லாம் சேர்ந்து கயிற்றோடு வழுக்கிக்கொண்டு வந்தன. இரண்டாவது போல்ட் தாங்கியதால் கணுக்கால் எலும்பு விரிசலோடு போயிற்று.

உடைந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். வெளியே பளபளப்பு. முறிந்த முகம் முழுக்கக் கரும்பழுப்பு, ஒரு ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குப் புது உலோகம். வெகுநாளாகவே அந்த ஓரத்தை நம்பித்தான் ஆட்களை ஏற்றியிருக்கிறார்கள்.

நல்ல போல்ட் என்றால் பக்கவாட்டில் 25 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டரை டன் இழுவையைத் தாங்க வேண்டும். இது ஒரு பெண்ணின் எடைக்கே போய்விட்டது. அங்கே சுண்ணாம்புப் பாறை கடலை ஒட்டியே நிற்கிறது. உப்பிலுள்ள குளோரைடும், முடுக்கிய நட்டின் இறுக்கமும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குள் மெல்லிய விரிசல் ஓடும். கடலுக்கு ஏற்றது என்று விற்கும் 316 ரகமும் இதற்குத் தப்பவில்லை. ஹேங்கருக்குப் பின்னால் நடப்பதால் கீழிருந்து கண்ணுக்குத் தெரியாது. உலக மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏ 2015-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. 'தாய்டானியம்' என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் நன்கொடைப் பணத்தில் பழைய போல்ட்டுகளை மாற்றி, டைட்டானியம் போல்ட்டுகளைப் பசை வைத்துப் பதித்து வருகிறார்கள். அங்கே தொழில் செய்கிற கடைக்கு இது தெரியாது என்று என்னால் நம்பவே முடியவில்லை.

கடைக்காரர் நீட்டியது நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளை. ஆபத்து உங்கள் பொறுப்பு, போல்ட்டை நாங்கள் அடிக்கவில்லை என்றார். யார் அடித்திருந்தால் என்ன? பாதையைத் தேர்ந்தெடுத்தது அவருடைய கைடு. கேட்டதற்கு டைட்டானியம் என்று பதில் சொன்னவரும் அவரேதான். பணத்தையும் திருப்பித் தரவில்லை. மறுநாள் காலையில் அதே பாறையடியில் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த ஒரு கூட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

முன்பணம் கொடுக்கும் முன் எந்தப் பாறை, எந்தப் பாதை, எப்போது போல்ட் மாற்றினார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கீழே நின்று முதல் போல்ட்டைப் பாருங்கள். நட்டும் தகடுமாக இருந்தால் ஏறாதீர்கள். டைட்டானியம் என்றால் ஒரே கம்பியை வளைத்த கண் போல மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும், அடியில் பசை தெரியும். ஸ்டீலிலும் அந்த வடிவத்தில் வருகிறது என்பதால் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கையால் திருகும்போது சுழன்றால் பசை பிடிக்கவில்லை என்று அர்த்தம், அதில் தொங்காதீர்கள். பாதையின் உச்சியில் கயிறு தொங்கும் ஆங்கரைப் பற்றியும் இதே கேள்வி கேளுங்கள்.

உடைந்த போல்ட் கிடைத்தால் தூக்கிப் போடாமல் படம் எடுத்து, பாதையின் பெயரோடு போல்ட் மாற்றுகிறவர்களிடம் கொடுங்கள். எங்கள் துண்டைக் கடைக்காரர் கேட்டார். கொடுக்காமல் அவர்களிடம்தான் சேர்த்தோம்.