நாற்பத்தைந்துக்குள் ரிட்டயர் ஆக ஒரு ஆலோசனைச் சேவை: கணக்குக்கு நான்கு நட்சத்திரம், மற்றதுக்கு இரண்டு

சம்பளத்துக்குப் போகாமலே மிச்ச காலத்தை ஓட்ட எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறவர்கள் பெங்களூரில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். 'ஃபயர்' என்று அதற்கொரு பெயர், என் ஆபீஸில் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். நானும் கணவரும் போனது எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு சின்ன மாடி ஆபீஸுக்கு. குறையும் சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை.

கட்டணம் ஜிஎஸ்டியோடு 29,500 ரூபாய். ஆலோசகர் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்தவர், கமிஷனுக்கு விற்கிற ஆள் இல்லை, இந்த ஃபண்டில் போடுங்கள் அந்த பாலிசியை எடுங்கள் என்று ஒரு தடவைகூட நெருக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர் என்பதால் பேச்சு பெரும்பாலும் தமிழிலேயே நடந்தது, அதுவே எனக்குப் பாதி நிம்மதி.

கணக்கு வேலை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வருடச் செலவைப்போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் போதும், முதல் வருடம் அதில் 4 சதவீதம் எடுத்து அப்புறம் விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று இணையத்தில் எல்லோரும் ஓதுகிறார்கள் இல்லையா, அது 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் அந்த நாட்டுப் பங்கு, கடன்பத்திர விவரங்களை வைத்து 30 வருட ஓய்வுக் காலத்துக்குச் சொன்னது. நாற்பத்து மூன்றில் வேலையை விடுகிற ஒருத்திக்கு, அதுவும் நம் ஊர் விலைவாசியில், அதை அப்படியே எப்படிப் பொருத்துவது? இவர் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு 33 மடங்கு என்று போட்டார். மாதம் 1,20,000 ரூபாய் செலவு என்றால் 25 மடங்கில் 3.6 கோடி, 33 மடங்கில் சுமார் 4.75 கோடி. அந்த ஒரு கோடிச் சொச்ச வித்தியாசத்தில்தான் பலருடைய திட்டம் கவிழும். வேலையை விட்ட அன்றோடு கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் போய்விடும், வேலையை விட்ட பிறகு பிஎஃப் பணத்துக்குச் சேரும் வட்டிக்கு வரி உண்டு, இதையெல்லாம் நாங்கள் கேட்காமலே எடுத்துச் சொன்னார்.

ஆனால் அவர்களுடைய எக்ஸெல் ஷீட்டில் ஊருக்குப் பணம் அனுப்புவதற்கு ஒரு வரிகூட இல்லை. தமிழ்க் குடும்பத்துக்குச் செலவுக் கணக்கு போடுகிறவர் மாமனார் மருந்துச் செலவையும் தங்கச்சி வீட்டுச் சீரையும் எங்கே எழுதுவார் என்று தெரியவில்லை, 'இதர' என்பதில் சேர்த்துக்கச் சொன்னார். இன்னொன்று இதைவிட எரிச்சல். ரிட்டயர் ஆன பிறகு சமையல்காரம்மா சம்பளத்தைச் செலவிலிருந்து கழித்து வைத்திருக்கிறார்கள். ஏன் சார் என்று கேட்டால், "நீங்க வீட்லதானே மேடம் இருப்பீங்க?" என்கிறார். கணவரும் அதே தேதியில்தான் வேலையை விடுகிறார், அவரும் வீட்டில்தான் இருப்பார், அது யாருக்கும் தோன்றவில்லை. (மாற்றச் சொன்னதும் மாற்றினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

கடைசி அமர்வுதான் சொதப்பல். வேலையை விட்டபின் என்ன செய்வீர்கள் என்று ஒரு பக்கம், பயணம், வாசிப்பு, குடும்பம், பிடித்த விஷயம் என்று கட்டங்கள், டிக் அடித்தால் போதும். சும்மா உட்கார்ந்துவிடுவோமோ என்று கணவர் கேட்டதற்குப் பின்லாந்து உதாரணத்தைக் காட்டினார். 2017, 2018 இரண்டு வருடமும் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ நிபந்தனையில்லாமல் கொடுத்தார்கள், அவர்கள் வேலை செய்த நாட்கள் குறையவில்லை, லேசாகக் கூடத்தான் செய்தது. சரி, ஆனால் 560 யூரோவில் பின்லாந்தில் யாரும் கவலையில்லாமல் வாழ முடியாது, அதோடு அது ஏற்கெனவே வேலை தேடிக்கொண்டிருந்தவர்களிடம் செய்த சோதனை, 4.75 கோடி வைத்திருக்கிறவரைப் பற்றி அது என்ன சொல்லும்?

நம் நாட்டிலேயே இதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. 2011, 2012-ல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு மத்தியப் பிரதேசக் கிராமங்களில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், பின்னால் 300, சிறுவர்களுக்கு அதில் பாதி என்று கொடுத்துப் பார்த்தது. ஜனங்கள் படுத்துத் தூங்கவில்லை. கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு சொந்த வயலிலும் சொந்தத் தொழிலிலும் இறங்கியவர்கள் கணிசம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் திருவண்ணாமலை அக்காவிடம் பணக்கவலையே இல்லையென்றால் வேலைக்கு வருவீங்களா என்று கேட்டேன். "உங்க வீட்டுக்கா? நாளைக்கே நின்னுருவேன். ஊர்ல நாலு மாடு வாங்கிக் கட்டுவேன்" என்றார். நாலு மாடு என்றால் விடிவதற்கு முன்னால் எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, புல்லுக்கு அலைய வேண்டும், எங்கள் வீட்டுப் பாத்திரத்தைவிட அது பெரிய வேலை.

எனக்கும் அதேதான். சாஃப்ட்வேரில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நோண்டிக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடிக்கும், காசு கொடுக்காவிட்டாலும் வாரத்தில் கொஞ்ச நேரம் செய்வேன். பிடிக்காதது ராத்திரி பத்தரை மணி அமெரிக்கா கால், அப்ரைசல் சமயத்தில் மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது, அவுட்டர் ரிங் ரோடு நெரிசல். இதற்கு 4.75 கோடி எதற்கு? வீட்டுக்கடன் இல்லாமல் இரண்டு வருடச் செலவு கையில் இருந்தால் 'முடியாது' என்று சொல்லிவிட்டு வேறு இடம் பார்க்கலாம், அது 29 லட்சத்துக்குள். அறிக்கை முழுக்கத் தேடினேன், அந்தத் தொகை எங்கேயும் இல்லை, அவர்கள் கொடுத்த ஷீட்டை வைத்து நாங்களே போட்டுக்கொண்டோம்.

போகலாமா என்றால், சேமிப்பு எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறவர்களும் கமிஷன் ஏஜெண்டிடம் மாட்டி அலுத்தவர்களும் தாராளமாகப் போகலாம். வேலையை விடலாமா கூடாதா என்று முடிவெடுக்க உதவி தேடுகிறவர்களுக்கு இது தண்டம். இரண்டாம் வருடப் புதுப்பிப்புக்குப் பாதிக் கட்டணம் கேட்கிறார்கள், எனக்கு வேண்டாம், கணவர் மட்டும் தொடரப்போகிறார். போகிறவர்கள் பில்லில் ஜிஎஸ்டி நம்பரைப் பார்த்து வாங்குங்கள், கார் எடுக்காதீர்கள், அந்தத் தெருவில் நிறுத்த இடம் கிடையாது.