அம்மாவின் இடுப்பில் போட்ட வெள்ளை மருந்து

கும்பகோணத்தில் உள்ள ஒரு வலி நிவாரண மையத்தில் என் அம்மாவுக்கு மூன்று நரம்பு ஊசி போட்டார்கள். மூன்றாவது ஊசி போட்ட நான்காம் நாள் அம்மாவின் சர்க்கரை அளவு 438. புகார் கொடுத்திருப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இடுப்பு வலிக்கும் கால் குடைச்சலுக்கும் ஊசி தேடி அலையும் நம் பக்கத்துக் குடும்பங்கள் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். அம்மாவுக்கு 61 வயது. நாற்பது வருடம் நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிந்தே தேய்ந்த உடம்பு. போன தாளடி நடவின்போது இடது பிட்டத்தில் பிடித்த வலி, தொடை, கெண்டைக்கால் என்று இறங்கிக் கால் பெருவிரல் வரை மின்சாரம்போல் இழுத்தது. தஞ்சாவூரில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். மாத்திரையும் உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவால் காத்திருக்க முடியவில்லை. இரவெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். படுத்தால் வலி, உட்கார்ந்தால் வலி. அந்த நேரத்தில்தான் செய்தித்தாளுக்குள் ஒரு நோட்டீஸ் வந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், ஊசியிலேயே நிரந்தரத் தீர்வு என்று போட்டிருந்தது.

வாரம் ஒன்றாக ஆறு ஊசி. மொத்தம் 24,000 ரூபாய், முழுவதையும் முன்னாலேயே கட்ட வேண்டும். அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டினேன். அது இன்னும் அடகில்தான் இருக்கிறது.

அந்த அறையில் நடந்தது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. கையில் கொண்டுபோன ஸ்கேன் உறையை ஊசி போட்ட டாக்டர் பிரிக்கவே இல்லை. போட்ட ரப்பர் வளையம் போட்டபடியே இருந்தது. அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து, "இங்கே வலிக்கிறதா, இங்கேயா?" என்று கட்டைவிரலால் அழுத்தினார். அம்மா முனகிய இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா, ஒரு கேள்வியும் இல்லை. நானாகத்தான் சொன்னேன்: "பன்னிரண்டு வருடமாக அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது டாக்டர்." "அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்றார். அதற்குள் உதவிக்கு நின்ற பெண் ஒரு சின்னக் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். உள்ளே அரிசி களைந்த தண்ணீர்போல் வெள்ளையாக ஒரு மருந்து. அதையும் இன்னொரு தெளிவான மருந்தையும் ஒரே சிரிஞ்சில் இழுத்துக் கொடுத்தாள்.

பத்தே நிமிடத்தில் வலி போய்விட்டது. அம்மா கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கினாள். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, "என் கால் எனக்குத் திரும்பி வந்துவிட்டது" என்று அழுதாள். நானும் அழுதேன். அன்று இரவு பத்து மணிக்கு வலி பழையபடி வந்து நின்றது. கேட்டதற்கு, ஆறும் முடிந்தால்தான் முழுப் பலன் தெரியும் என்றார்கள். நம்பினோம்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகே தாகம் அதிகமாகிவிட்டது. மூன்றாவதுக்குப் பிறகு ஒரே இரவில் ஏழு முறை சிறுநீருக்கு எழுந்தாள். நாக்கு வறண்டு பேச்சு குழறியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்த்தபோதுதான் அந்த 438. அங்கிருந்த டாக்டரம்மா, "என்ன ஊசி போட்டார்கள்?" என்று கேட்டார். ரசீதை நீட்டினேன். "நரம்பு ஊசி - 3" என்று மட்டும் இருந்தது. மருந்தின் பெயரும் இல்லை, அளவும் இல்லை, போட்டவரின் பெயரும் பதிவு எண்ணும்கூட இல்லை. மையத்துக்குப் போன் செய்தால் "அது வைட்டமின் ஊசிதான்" என்கிறார்கள்.

தஞ்சாவூரில் அரசு மருத்துவமனையில் ஐந்து நாள் இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கினார்கள். அங்கே ஒரு மருத்துவர், "மருந்து பால்போல் வெள்ளையாக இருந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது பெரும்பாலும் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தாகத்தான் இருக்கும் என்றார். ட்ரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் போன்றவை அப்படித்தான் கலங்கலாக இருக்குமாம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தண்ணீர்போல் தெளிவாகவே இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் வைத்துத் தைரியமாக இருக்கவும் முடியாது. கூடச் சேர்த்த தெளிவான மருந்து லிக்னோகெயின் மாதிரி மரத்துப்போக வைப்பது. பத்து நிமிடத்தில் வலி போனதும், சில மணி நேரத்தில் திரும்பியதும் அதன் வேலை. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் அடுத்த பல நாட்கள் சர்க்கரை ஏறும். அதனால் முன்கூட்டியே சொல்லி, தினமும் பரிசோதிக்கச் செய்து, தேவைப்பட்டால் மாத்திரையையும் மாற்றுவார்கள். எங்களுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு, நரம்பின் பக்கத்தில் மருந்து செலுத்தி வலியை அடக்கும் நரம்புத் தடுப்பு ஊசியே ஏமாற்று என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அது முறையான சிகிச்சை என்று அந்த மருத்துவரே சொன்னார். ஸ்கேனைப் பார்த்து எந்த நரம்பு என்று முடிவு செய்து, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியில் ஊசிமுனையைத் திரையில் பார்த்துக்கொண்டே, சாய மருந்து விட்டு இடத்தை உறுதி செய்து போடுவார்கள். வலி சில வாரமோ சில மாதமோ அடங்கியிருக்கும். அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்து தேற வேண்டும். நிரந்தரத் தீர்வு என்று யாரும் எழுதித் தர முடியாது. பொதுவாக வருடத்துக்கு மூன்று, நான்குக்கு மேல் போவதில்லை. எங்களுக்கு ஆறு வாரத்தில் ஆறு! பேனா வட்டத்தை வைத்துப் போட்ட ஊசி நரம்பின் பக்கம் போயிற்றா, வெறும் சதையில் நின்றதா என்று யாருக்குத் தெரியும்? முதுகுத்தண்டைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசியால் அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், உயிரிழப்புகூட நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்திருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மீதி மூன்று ஊசிக்கான 12,000 ரூபாயைக் கேட்கப் போனேன். மொத்தமாகக் கட்டிய பணம் திரும்பாது என்றார்கள். "பாதியில் நிறுத்தியது உங்கள் தவறு" என்று வரவேற்பு மேசையிலிருந்தே சத்தம் போட்டார்கள். குப்பியை உருட்டிய அந்தப் பெண் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ரசீதிலும் மருந்துச் சீட்டிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. பணம் கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இந்த விவரங்களோடு ஆவணம் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினேன். கையெழுத்தோடு ஒப்புகை அட்டை வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆவணம் வரவில்லை. புகாரோடு அந்த அட்டையையும் இணைத்திருக்கிறேன். மருந்தின் பெயர் இல்லாமல் "நரம்பு ஊசி" என்று மட்டும் எழுதிய ரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால் தயவுசெய்து அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.