பினாங்கு வெப்பத்தில் ஒரு நான்கடிச் செடித்தொட்டி: சில்லர் பழுதுபார்த்து வந்த பின் எழுதுவது

கெலுகோரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், நீர்ச்செடிகளும் மீன்களும் வளரும் கண்ணாடித் தொட்டியான செடித்தொட்டியின் சில்லர், அதாவது நீரைக் குளிர்விக்கும் கருவி, பழுது பார்க்கப்பட்டு அண்மையில்தான் திரும்பி வந்தது. அதே சமயத்தில் பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவர், தாமும் முதல் முறையாகப் பெரிய தொட்டி ஒன்றை அமைக்கப்போவதாகச் சொல்லி, சில்லர்களின் விலை இறங்கியிருப்பதால் இப்போதே ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டார். இரண்டு சொற்களில் முடித்துவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லாததால், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

தொட்டியின் அளவு 120 × 50 × 50 செண்டிமீட்டர். விளிம்புவரை நிரப்பினால் 300 லிட்டர். அடிமண், கல், மரக்கட்டை, கண்ணாடி எல்லாம் சேர்ந்து எடை 400 கிலோவை நெருங்கும் என்பதால், அடியில் கான்கிரீட் உத்திரம் ஓடும் சுவரை ஒட்டியே அதை வைத்தோம். எல்இடி விளக்கு, கேனிஸ்டர் ஃபில்டர், செடிகளுக்கான கரியமில வாயுச் சிலிண்டர் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. வாங்கிய நாளில் என்ன செய்தனவோ அதையே இன்றும் செய்கின்றன. ஃபில்டரின் பஞ்சை மாதந்தோறும் கழுவினால் போதும், சிலிண்டர் தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம். இந்தத் தொட்டியில் என்னை ஓயாமல் சோதித்தது நீரின் சூடு ஒன்றுதான்.

செடித்தொட்டி பற்றி நமக்குக் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி, குளிர்காலம் உள்ள நாடுகளிலிருந்து வருகிறது. இந்தக் கலைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்த தகாஷி அமானோ (1954–2015) பனி கொட்டும் நிகாதாவைச் சேர்ந்தவர். ஐரோப்பிய வழிகாட்டிகளிலோ, வாங்க வேண்டிய பொருள்களின் வரிசையில் ஹீட்டர் தவறாமல் இருக்கும். அவர்கள் சொல்லும் ஒளி அளவும் உர அளவும் வாயு அளவும் 24, 25 டிகிரி செல்சியஸ் நீரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நம் வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு அறை 31 டிகிரியில் இருக்கும்போது, தொட்டி நீரும் அதையொட்டி 30 டிகிரியில் நிற்கும். விளக்கும் பம்பும் சேர்ந்தால் அதற்கும் மேலே போகும்.

ஐந்து டிகிரிதானே என்று எண்ணிவிட முடியாது. 25 டிகிரி நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், 30 டிகிரி நீர் 7.6 மில்லிகிராமைத்தான் தாங்கும். கரியமில வாயு கரையும் அளவும் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைகிறது. நீர் தாங்கும் வாயு இப்படிக் குறைகிற அதே வேளையில், சூடு ஏற ஏறச் செடி, மீன், அடிமண்ணில் வாழும் நுண்ணுயிர் எல்லாவற்றின் சுவாசமும் வேகம் பிடிக்கிறது. பொதுவாக வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் சுவாசம் இரு மடங்காகும் என்பார்கள். விளக்கு அணைந்த பிறகு செடிகள் ஆக்சிஜனைத் தராமல் உண்ண மட்டுமே செய்கின்றன; விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்குக் காரணம் இதுதான். பகலில் செடி சேர்த்த சர்க்கரையை இரவில் சுவாசமே எரித்துவிட்டால், வளர்வதற்கு மிச்சம் ஏது? தரையில் பரப்பியிருந்த ஹெமியாந்தஸ் கியூபா அடியிலிருந்து மஞ்சளாகி, பெயர்ந்து மிதக்கத் தொடங்கியது. உதிர்ந்த இடங்களில் கரும்பாசி ஏறியது.

அதனால்தான் சில்லர் வந்தது. அது நன்றாக வேலை செய்த காலத்தில் செய்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 25 டிகிரிக்கு அமைத்தால் 26ஐ எட்டும்போது கம்ப்ரசர் இயங்கத் தொடங்கி, 25ஐத் தொட்டதும் நின்றுவிடும். இரவு பகல், மழை வெயில் என்ற வேறுபாடு தொட்டிக்குத் தெரியாமலே போயிற்று. கியூபா தரைச்செடி இரண்டு விரல் உயரத்துக்கு அடர்ந்து, வெட்ட வெட்டத் தழைத்தது; ரொட்டாலாவின் நுனி சிவந்தது; விளக்கு எரியும் நேரத்தின் பின்பாதியில் இலைகளிலிருந்து ஆக்சிஜன் குமிழ்கள் கோத்த சரடாக மேலே ஏறும். காலையில் மீன்கள் மேலே வருவது நின்றது. ஒரு கருவி தன் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை முழுமையாக நிறைவேற்றுவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதே கருவி நம் வரவேற்பறைக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். தொட்டி அறைக்காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் வெப்பத்தைச் சில்லர் அந்த அறைக்கே திருப்பித் தருகிறது. அதற்கும் மேலாக, கம்ப்ரசர் தின்னும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகி அங்கேயே தங்குகிறது. ஏர்கோன் போல வெப்பத்தை வீட்டுக்கு வெளியே தள்ளும் பகுதி இதில் இல்லை. தொட்டியின் அடிப்பெட்டிக்குள் வைத்தால் தான் உமிழ்ந்த சூட்டுக்காற்றைத் தானே உறிஞ்சித் திணறும் என்பதால், வெளியே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. பிற்பகலில் அந்த அறையில் ஓய்வெடுக்கும் என் தாயாரின் நாற்காலிக்கு நேரே சூட்டுக்காற்று வீசியது. கம்ப்ரசர் தொடங்கும் ஒலியும் நிற்கும் ஒலியும் பழகிப்போகும் என்றார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் பழகவில்லை. மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும் அறையில், அது இயங்கத் தொடங்கியவுடன் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள்.

மின்கட்டணத்தையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். 200 வாட் இழுக்கும் கம்ப்ரசர் ஒரு நாளில் பத்து மணி நேரம் ஓடினால், மாதத்துக்கு 60 யூனிட். 2025 ஜூலையில் கட்டண முறை மாறுவதற்கு முன், வீட்டு மின்சாரத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த நூற்றுக்கு 33.4 சென், 301 முதல் 600 வரை 51.6 சென் என்று படிப்படியாக ஏறியது. ஏர்கோனும் குளிர்பதனப் பெட்டியும் உள்ள வீட்டில் சில்லரின் யூனிட்டுகள் மேல்படியில்தான் போய் விழும். அந்தக் கணக்கில் மாதம் 31 ரிங்கிட். இது தாங்க முடியாத தொகை அன்று. மீனுக்கும் செடிக்கும் ஆகும் மற்றச் செலவுகள் அனைத்தையும் சேர்த்தாலும் எங்கள் வீட்டில் இதைவிடக் குறைவு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இவை எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பழுதுதான். சில்லரின் திரையில் 25 என்று எழுத்து ஒளிர்ந்துகொண்டிருக்க, தொட்டிக்குள் தொங்கும் தனி வெப்பமானி 30ஐக் காட்டியது. கம்ப்ரசருக்குக் கேடில்லை, நீரைக் குளிர்விக்கும் டைட்டானியம் சுருளுக்கும் கேடில்லை. வெப்பத்தை உணரும் சிறு சென்சர் மட்டும் தவறான அளவைச் சொல்லிக்கொண்டிருந்தது. கையில் பிடித்தால் ஓர் அரிசிமணி அளவே இருக்கும் அந்தப் பாகத்தைக் கட்டுப்பாட்டுப் பலகையோடு சேர்த்துப் பிசின் ஊற்றி அடைத்திருந்ததால், பலகை முழுவதையும் மாற்றினால்தான் ஆகும் என்றார்கள். பலகை கையிருப்பில் இல்லை, வரவழைக்க வேண்டும், உத்தரவாதமும் முடிந்துவிட்டது என்றார்கள். புதிய கருவியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பலகைக்கே போயிற்று. பழுது பார்த்தவர் பண்பானவர், வேலையும் சுத்தம்; அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மலிவான ஒரு பாகத்தைக் கழற்ற முடியாதபடி பூட்டி வைத்து, அது கெட்டால் வாங்கியவர் பலகைக்கே பணம் கட்ட வேண்டும் என்று திட்டமிட்டவர்கள்மேல் கோபம் இருக்கிறது. அது இதை எழுதும்போதும் தணியவில்லை.

பலகைக்காகக் காத்திருந்த வாரங்களில் தொட்டியின் மேல் விளிம்பில் சிறு மின்விசிறிகளை மாட்டினோம். எளிய கருவிதான், ஆனால் அதன் பின்னால் உள்ள கணக்கு வலுவானது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது, 300 லிட்டர் நீரை ஏறத்தாழ இரண்டு டிகிரி குளிர்விக்கும் அளவு வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. தடையாக இருப்பது பினாங்கின் ஈரக்காற்று. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் நாள்களில் ஆவியாதல் தளர்ந்துவிடும். எங்கள் தொட்டியில் விசிறி 28 டிகிரிவரை இறக்கியது, அதற்குக் கீழே ஒருநாளும் போகவில்லை. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் 28.5இல் நின்றது. நாள்தோறும் குறைந்த நீரை ஊற்றி ஈடுசெய்ய வேண்டும்; நம் குழாய் நீர் மென்னீர் என்பதால் உப்பு சேர்ந்துபோகும் தொல்லை குறைவு, ஆனால் ஊற்றும் நீரில் குளோரின் நீக்கியைச் சேர்க்கத் தவறக்கூடாது. விசிறிக்காற்று மேற்பரப்பை அலைக்கழிப்பதால் கரியமில வாயு சற்று வேகமாக வெளியேறும். சிலிண்டரிலிருந்து விடும் வாயுக் குமிழ்களின் எண்ணிக்கையைக் கூட்டி, நீரில் உள்ள அந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் மீண்டும் பச்சைக்கு வரும்வரை மெதுவாகச் சரிசெய்தோம். விளக்கு எரியும் நேரத்தை மாலை ஐந்து முதல் இரவு பதினொன்றுவரை என்று மாற்றியதால், அறையின் உச்ச வெப்பமும் விளக்கின் வெப்பமும் ஒரே நேரத்தில் சேர்வது நின்றது.

அந்த 28 டிகிரியில் கியூபா தரைச்செடி பாதி அழிந்தது. ஜாவா பெரணியின் இலைகளில் கரும்புள்ளிகள் விழுந்தன. ஆனால் பின்புற மூலையில் நட்டு, அதிகம் கவனிக்கப்படாமலே இருந்த கிரிப்டோகொரின் செடிகள் அப்போதுதான் தங்கள் இயல்பைக் காட்டின. இடம் மாற்றினால் இலைகளை எல்லாம் உருக்கிக் கொட்டிவிடும் செடி என்று அவற்றுக்குப் பெயர். அசைக்காமல் விட்டதால் ஓர் இலைகூட உருகவில்லை. புதிய இலைகள் முன்னைவிட அகலமாக, அடிப்பக்கம் செம்பழுப்பு ஏறி வந்தன. மண்ணுக்கடியில் வேரோடி, ஒரு கையகலம் தள்ளி இளஞ்செடிகள் முளைத்தன. இவற்றில் பல இனங்கள் நம் தீபகற்பத்தின் ஓடைகளுக்கே உரியவை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ், மலேசியாவின் முதல் ஈரநிலமாக 1994இல் அறிவிக்கப்பட்ட பகாங்கின் தாசேக் பெரா ஏரியில் கிரிப்டோகொரின் பர்ப்பூரியா இயற்கையாகவே பரந்து கிடக்கிறது. காட்டோடை நிழலில் ஓடுவதால் அதன் நீர் நம் வரவேற்பறை நீரைவிடக் குளிர்ந்தது என்பது உண்மைதான். ஆனாலும் 28 டிகிரியை அவை தாங்குகின்றன, குறைந்த ஒளியையும் தாங்குகின்றன.

மீன்களிலும் இதே நிலைதான். அறிவியல் உலகுக்கு 1904இல் அறிமுகமான ஹார்லிக்வின் ரஸ்போரா நம் தீபகற்பத்திலும் சுமாத்திராவிலும் வாழும் மீன். செம்பு நிற உடலில் கருமுக்கோணம் தாங்கிய அந்தக் கூட்டத்தில், சில்லர் இல்லாத வாரங்களில் ஒன்றுகூடச் சோர்ந்து நான் பார்க்கவில்லை. குளிர்ந்த நீரை விரும்பும் நியான் டெட்ராக்களோ நிறம் மங்கி மூலையில் ஒதுங்கின. உலகமெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் மக்கள் கொண்டாடும் செடியும் மீனும் நம் நாட்டு ஓடையிலிருந்து போனவை என்பதும், அவற்றை வளர்க்க எனக்குப் பெரிய இயந்திரம் தேவைப்படவில்லை என்பதும் இந்தத் தொட்டி எனக்குத் தந்த மிகப் பெரிய மகிழ்ச்சி. இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெட்டிய தண்டுகளை வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே குப்பையில் போடுங்கள், சாக்கடையில் போடாதீர்கள். தென்னமெரிக்கக் கபோம்பா செடி பகாங்கின் தாசேக் சினி ஏரியில் புகுந்து, அங்குள்ள நீர்த்தாவரங்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது நண்பருக்கான பதில். நான் வைத்திருக்கும் சில்லர் தன் வேலையில் குறையற்றது, நான் பார்த்த மிக அழகான தரைச்செடி விரிப்பு அதன் உதவியால்தான் வளர்ந்தது, பழுது நீங்கி வந்த அன்றே அதை மீண்டும் இணைத்து இயக்கினேன். இருந்தும், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். விலை இறங்கியிருப்பது என் பதிலை மாற்றவில்லை, ஏனென்றால் எனக்குத் தொல்லை தந்தது வாங்கிய விலை இல்லை. எங்களிடம் இருக்கும் மிச்சத் தரைச்செடிக்காகவும் நியான் டெட்ராக்களுக்காகவும் இது ஓடுகிறது. முதல் தொட்டி அமைப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கிரிப்டோகொரின், ரொட்டாலா, ரஸ்போரா என்று தொடங்கினால் இரண்டு விசிறிகளே போதும்.

தொட்டியில் நீர் நிரப்பியதும், செடி வாங்குவதற்கு முன்பாகவே, ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு மாலை நான்கு மணிக்கு அளந்து எழுதி வையுங்கள். பினாங்கில் வெயில் உறைக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் அளவு கிடைத்தால் இன்னும் நல்லது. விசிறியோடு 29ஐத் தாண்டவில்லை என்றால் சில்லரின் பணத்தை நல்ல அடிமண்ணுக்கும் விளக்குக்கும் செலவிடலாம். தாண்டினாலும், நான் சொல்வதைக் கேட்காமல் வாங்கினாலும், கடைக்காரரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடையை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: சென்சரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, கட்டுப்பாட்டுப் பலகை இந்த ஊரிலேயே கையிருப்பில் இருக்கிறதா?