"ஆளுக்கொரு ஏரியா லாகின்"னு நம்பவெச்சு ₹1,85,000 வாங்கிட்டாங்க. ஃபைபர் லைன் நடத்தறவங்க படிங்க

ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் ரூபாய். ஜிஎஸ்டி தனி. சேலம் மாவட்டத்துல இன்டர்நெட் லைன் நடத்தற வேற யாரும் இவங்ககிட்ட மாட்டக்கூடாதுன்னுதான் இந்தப் பதிவு. பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார். நெட்வொர்க் மேனேஜ்மென்ட் சாப்ட்வேர் விக்கற வெளியூர்க் கம்பெனி, அவ்வளவுதான் சொல்ல முடியும். வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

எங்களுக்கு டவுன்ல அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை. மலையில ஏற்காடு, நாகலூர். கிழக்கால வாழப்பாடி, ஆத்தூர். பக்கத்துக்கு ஒரு பங்குதாரர், அவர்கிட்ட ரெண்டு மூணு பசங்க. ஓ.எல்.டி (வீடுகளுக்குப் போற ஃபைபர் லைனெல்லாம் வந்து சேர்ற ஏரியா பாக்ஸ்) எல்லாம் ஒரே சர்வர்ல தெரியும். நாங்க கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ஆத்தூர்ப் பையன் ஆத்தூரை மட்டும் தொடணும், ஏற்காட்டுப் பையன் ஏற்காட்டை மட்டும். நைட் டியூட்டி ஆள் எல்லாத்தையும் பாக்கலாம், எதையும் மாத்தக் கூடாது.

விக்க வந்த தம்பி அவ்வளவு தன்மை. வாய்க்கு வாய் "அண்ணா". எங்க மேஜையிலயே லேப்டாப்பை விரிச்சு, எங்க பசங்க பேர்லயே லாகின் போட்டுக் காட்டினார். ஆத்தூர் லாகின்ல உள்ள போனதும் மேப்ல ஏற்காடு மலையே காணோம். ஏற்காடு லாகின் போட்டா மலை மட்டும் நிக்குது, ஆத்தூர் இல்ல. பக்கத்துல இருந்த ஆத்தூர்ப் பங்குதாரர், "இதுதானுங்க நமக்கு வேணும்"னு என் கையைப் பிடிச்சுட்டார். நான் அப்பவே கேட்டேன்: "மேப்ல மறையுது சரி தம்பி, கமாண்ட் போட்டா?" சிரிச்சுட்டே சொன்னார்: "கண்ணுக்கே தெரியாத பாக்ஸை எப்படிண்ணா தொடுவாங்க?" கொட்டேஷன்லயும் "ஏரியா வாரியா ஆபரேட்டர் கட்டுப்பாடு"ன்னு ஒரு வரி. அன்னிக்குச் சாயந்திரமே பணம் ஏத்தினோம், முழுசா.

மே மாசம், சனிக்கிழமை, ஏற்காட்டுல ரூம் கிடைக்காத நேரம். ஆத்தூர்ப் பையன் அவன் பாக்ஸ்களுக்கு விலான் ப்ரொஃபைல் (டிராஃபிக்கைத் தனித்தனிப் பாதையா பிரிக்கற செட்டிங்) மாத்தறதுக்காக "எல்லாம் செலக்ட்" அமுக்கினான். அவன் திரையில இருந்தது ஆத்தூர் மட்டும். ஆனா சாப்ட்வேர் தன் லிஸ்ட்ல இருந்த மொத்த ஓ.எல்.டிக்கும் அந்த ப்ரொஃபைலைத் தள்ளிடுச்சு, மறைச்சு வெச்ச மலையையும் சேத்து. அப்லிங்க் விலான், அதாவது பாக்ஸை எங்க மெயின் நெட்வொர்க்கோட இணைக்கற பாதை, அழிஞ்சு ஏற்காடு, நாகலூர் மொத்தமும் படுத்துருச்சு. தூரத்துல இருந்து பாக்ஸைக் கன்ட்ரோல் பண்ற வழியும் அதே அப்லிங்க்லதான் போகுதுங்கறதால கீழ இருந்து உள்ள போக வழியே இல்ல. பாக்ஸுல நேராச் சொருகற கன்சோல் கேபிளும் லேப்டாப்புமா ராத்திரியில 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், பாக்ஸ் பாக்ஸா பழைய கான்ஃபிக் ஏத்தினோம். லாட்ஜ்ல கார்டு மெஷின் ஓடல, எஸ்டேட் பங்களாவுல கேமரா ஓடல. அவங்ககிட்ட வாங்கின திட்டு தனிக் கணக்கு.

யார் பண்ணினதுன்னு லாக்ல தேடினா எல்லா வரியிலயும் "அட்மின்". பையனே போன் பண்ணி, "அண்ணா, நான் ஆத்தூரை மட்டும்தாண்ணா செலக்ட் பண்ணேன்"னு அழுததாலதான் விஷயமே தெரிஞ்சுது.

அப்புறம்தான் நோண்டினோம். ஏரியா பிரிப்புங்கறது பிரவுசர்ல தெரியற பக்கத்துல மட்டும்தான். பின்னால இருக்கற சர்வர் எல்லா பாக்ஸுக்கும் ஒரே அட்மின் அக்கவுன்ட், எஸ்.என்.எம்.பி-ங்கற, பாக்ஸ்களைக் கண்காணிச்சு மாத்தற முறையோட பழைய வி2சி-ல ஒரே ரைட் (மாத்தற) பாஸ்வேர்டு வெச்சுத்தான் பேசுது. ஆத்தூர் லாகின்ல இருந்துட்டு ஏற்காட்டு பாக்ஸோட ஐபியைத் தேடல் கட்டத்துல போட்டா ஜம்முனு திறக்குது, டெலிட் பட்டனோட. ஜன்னல்ல திரை போட்டுட்டு கதவைப் பூட்டியாச்சுன்னு காசு வாங்கியிருக்காங்க.

இதெல்லாம் புதுசா யாரும் கண்டுபிடிக்க வேண்டிய வித்தையும் இல்ல. ஆள் யாரு, எந்தக் கமாண்டுக்கு அனுமதி, என்ன பண்ணினான்னு மூணையும் தனித்தனியா பாக்கற டக்காக்ஸ் பிளஸ்ங்கற முறை 90கள்ல இருந்தே புழக்கத்துல இருக்கு, 2020-ல ஆர்.எஃப்.சி 8907-ங்கற இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணமாவும் வந்தாச்சு. எஸ்.என்.எம்.பி வி3-ல யார் எதைப் படிக்கலாம், எதை மாத்தலாம்னு பிரிக்கற முறை 2002-லயே இருக்கு. இவங்ககிட்ட இருக்கறது அட்மின், ஆபரேட்டர், வியூவர்னு வெறும் பதவி. அந்தப் பதவி எந்த ஊர் பாக்ஸுக்குச் செல்லும்ங்கறதை ஒவ்வொரு கமாண்டுக்கும் சர்வர் பாக்கணும். அது சுத்தமா இல்ல. லாக்கை 180 நாள் வெச்சிருக்கணும்னு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல உத்தரவு போட்டிருக்கு. வெச்சு என்ன, 180 நாளும் "அட்மின்"தானே!

வீடியோ எடுத்து அனுப்பினோம். "டிக்கெட் போடுங்க சார்." போட்டோம். "உங்க ஓ.எல்.டி பழைய மாடல் சார்." அந்த ஓ.எல்.டி மேனுவல்ல டக்காக்ஸ் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினோம். "அது என்டர்பிரைஸ் பிளான்ல வரும் சார்." கொட்டேஷன் வரியைக் காட்டினா, "அது டிஸ்பிளே கட்டுப்பாடு சார்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் டிக்கெட்டை "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிட்டாங்க. "அண்ணா"ன்னு கூப்பிட்ட தம்பி இப்ப போனே எடுக்கறதில்ல. ஆனா வருஷச் சந்தா கட்டச் சொல்லி மெசேஜ் மட்டும் டாண்ணு வருது!

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குப் போன் பண்ணுவேன்னு சொன்னதுக்கு, "பிசினஸுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது சார்"னு ஒருத்தர் சட்டம் பேசினார். பொழப்புக்காகச் சுயதொழில் செய்யறவங்களுக்கு 2019 நுகர்வோர் சட்டத்துலயே விலக்கு இருக்கு. எங்களுக்குப் பொருந்துமான்னு வக்கீல் பாத்துட்டு இருக்கார். அதுவரைக்கும் ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் அவங்க கையிலதான்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப அந்தப் பொறுமை இல்ல. டெமோவுல மேப்பைப் பாக்காதீங்க. ஒரு ஊர் லாகின்ல இருந்துட்டு அடுத்த ஊர் பாக்ஸோட ஐபியை அடிச்சுப் பாருங்க. "எல்லாம் செலக்ட்" போட்டு ஒரு டம்மி பாக்ஸுல சோதிங்க. லாக்ல ஆள் பேர் வரலைன்னா எழுந்து வந்துருங்க. முழுப் பணத்தை முன்னாடியே கட்டாதீங்க.